கொட்டும் பெயரும்



நினைவுச் சொற்பொழிவு என்பது ஒருவருடைய பெயரைச் சபையில் மறுபடியும் சொல்வது. பெயர் சொல்ல ஆளில்லாமல் போனவர்களுக்கு நினைவுநாள் கிடையாது. இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டதும் பெயர்தான், கொட்டு அடித்தவர்களின் பெயர். அதற்காக உங்களை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக்கும், 1971இல் அங்கே வெளிவந்த ஒரு இசைத்தட்டுக்கும் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். குற்றாலத்தில் இருந்துகொண்டு ஏன் அங்கே போக வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், சாரல் நேரம். குற்றாலத்தில் ஒரு விழா மேடையில் என் அக்கா மகளின் கல்லூரிக் குழு பறையடித்தது. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் எழுபதைத் தாண்டிய பெரியவர், எனக்குப் பெரியப்பா முறை. சாரலில் தோல் தொய்ந்துவிடும். தொய்ந்த தோலில் சத்தம் எழும்பாது. ஆகவே மேடைக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, பழைய தாள்களைக் கொளுத்தி ஒவ்வொரு பறையாக அவர் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மேடையில் விருந்தினர் ஒவ்வொருவரையும் பெயர், பட்டம், பதவி சொல்லி வரவேற்றார்கள். அது முடிந்ததும், “அடுத்ததாகப் பறையாட்டக் குழு” என்றார் அறிவிப்பாளர். அவ்வளவுதான். பிள்ளைகள் ஆடி முடித்து இறங்கியபோது கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் அவள் கேட்டாள்: “சித்தி, தாத்தா பேர ஏன் சொல்லல?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவளே தன் போனை எடுத்து ஒரு பாட்டைப் போட்டுக் காதில் மாட்டிவிட்டாள். மார்வின் கே என்ற கருப்பினப் பாடகரின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’. “இதுல பின்னாடி வாசிச்சவங்க பேரெல்லாம் அட்டையில போட்டிருக்காங்க. அந்தக் கம்பெனியில அதுதான் மொத தடவையாம்” என்றாள். தென்காசி வந்து இறங்கும் வரைக்கும் அந்தப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது.

அவர்களுக்கும் நமக்கும் உறவு புதிதல்ல. 1946இல் அண்ணல் அம்பேத்கர், கருப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கருப்பின மக்கள் சார்பில் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொடுக்கப்பட்ட மனுவின் நகலைக் கேட்டார். 1972இல் மும்பையில் எழுந்த தலித் பேந்தர்ஸ் இயக்கம், அங்கிருந்த கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. ஆனால் நாம் அவர்களுடைய அரசியலைப் படித்த அளவுக்கு அவர்களுடைய தாளத்தைப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

டெட்ராய்ட் கார்த் தொழிற்சாலைகளின் ஊர். தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்து வேலை தேடி வந்த கருப்பினக் குடும்பங்கள் லட்சக்கணக்கில் குடியேறிய ஊர். அங்கே 1959இல், வீட்டாரிடம் 800 டாலர் கடன் வாங்கி, பெர்ரி கார்டி என்ற கருப்பின இளைஞர் ஒரு இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதுதான் மோட்டவுன். ஒரு சாதாரண வீட்டை வாங்கி அதன் ஒரு பகுதியை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார்கள். தேவாலயப் பாட்டின் உருக்கத்தையும் ப்ளூஸ் பாட்டின் துயரத்தையும் சேர்த்து எழுந்த சோல் இசை, அந்தச் சின்ன அறையிலிருந்து உலகமெங்கும் போனது.

பாடகர்களின் படம் எல்லா அட்டையிலும் இருந்தது. ஆனால் அந்த அறைக்குள் பகலும் இரவுமாக வாசித்தவர்கள் ஒரே கூட்டத்து ஆட்கள்தான். ஃபங்க் பிரதர்ஸ் என்று தங்களுக்குள் பெயர் வைத்துக்கொண்டார்கள். பாடகர் மாறுவார், பாட்டு மாறும், வாசிக்கிற கை மாறாது. அமெரிக்காவே அந்தப் பாட்டுகளுக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, வாசித்தவர் யார் என்று கேட்க ஆளில்லை. வாசித்ததற்குக் கூலி உண்டு. தட்டு எத்தனை லட்சம் விற்றாலும் அதில் பங்கு கிடையாது. அட்டையில் பெயரும் கிடையாது.

1971 மே மாதம் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பு வந்தது. அதன் தலைப்புப் பாட்டுக்கு விதை போட்டவர் ரெனால்டோ பென்சன் என்ற பாடகர். 1969இல் பெர்க்லி நகரப் பூங்காவில் இளைஞர்களைப் போலீஸ் அடித்ததைப் பார்த்துவிட்டு, என்னதான் நடக்கிறது என்று அவர் கேட்ட கேள்வி பாட்டாகியது. மார்வின் கேயின் தம்பி வியட்நாம் போரிலிருந்து திரும்பி வந்து சொன்ன கதைகளும் அந்தத் தொகுப்புக்குள் இருக்கின்றன. போர், வேலையின்மை, போதை, நஞ்சாகிப்போன காற்றும் நீரும், நகரத்து ஏழைத் தெருவின் மூச்சு முட்டல் எல்லாம் ஒன்பது பாட்டுகளில், ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்ந்து ஓடும். காதல் பாட்டு விற்றுப் பழகிய நிறுவன முதலாளிக்கு அந்தத் தலைப்புப் பாட்டு முதலில் பிடிக்கவில்லை. அது தனித்தட்டாக வெளியாகி விற்பனையில் பிய்த்துக்கொண்டு போன பிறகுதான் முழுத் தொகுப்புக்கு வழி பிறந்தது.

அந்த அட்டையின் உள்ளேதான் பெயர்கள் அச்சாகின. ஜேம்ஸ் ஜேமர்சன், பாப் பாபிட், எர்ல் வான் டைக், ஜானி கிரிஃபித், ராபர்ட் வைட், ஜோ மெசினா, ஜாக் ஆஷ்ஃபோர்ட், எடி பிரவுன், செட் ஃபாரஸ்ட். ஜேமர்சன் பெயருக்கு முன்னால் ‘ஈடிணையற்ற’ என்ற அடைமொழியும் இருந்தது. பத்து வருடம் வாசித்துத் தீர்த்த பிறகு கிடைத்த ஒரு சொல்.

அந்த ஜேமர்சன் ஒரு விரலால் பேஸ் கித்தார் வாசிப்பவர். கேட்பவர்கள் பாடகரின் குரலைக் கேட்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய காலை ஆட வைப்பது கீழே ஓடுகிற அவருடைய விரல். 1972இல் நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறியது. ஒலிப்பதிவுக்கு வந்த இசைக்கலைஞர்கள், கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் வேலை போனதைத் தெரிந்துகொண்டார்கள் என்பார்கள். 1983இல் அந்த நிறுவனத்தின் 25ஆம் ஆண்டு விழா நடந்தபோது ஜேமர்சனுக்கு அழைப்பு இல்லை. காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதே வருடம் ஆகஸ்டில், 47 வயதில் இறந்துபோனார். 2000இல் அவருக்குப் பெரிய மரியாதைகள் வந்தன. 2002இல் அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தது. பாதிப் பேர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

ஜேமர்சன் பிறந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தெற்குக் கரோலினாவில் எடிஸ்டோ தீவு. அதற்குப் பக்கத்தில்தான், 1739 செப்டம்பரில், ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கலகம் செய்தார்கள். மேளம் அடித்துக்கொண்டு, ‘விடுதலை’ என்று கூவிக்கொண்டு நடந்தார்கள். மேளச் சத்தம் கேட்டு வழியெல்லாம் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கலகம் ஒடுக்கப்பட்டது. அடுத்த வருடம், 1740இல், அந்தக் குடியேற்றத்தில் ஒரு சட்டம் வந்தது. அடிமைகள் மேளமோ கொம்போ வைத்திருக்கக் கூடாது. அடிமைகளுக்கு யாரும் எழுதக் கற்றுக்கொடுக்கக் கூடாது. இரண்டும் ஒரே சட்டத்தில். எழுத்தைக் கண்டு பயந்த அளவுக்கு மேளத்தைக் கண்டும் ஆண்டைகள் பயந்திருக்கிறார்கள்.

மேளத்தைப் பறித்த இடத்தில் கைதட்டும் தொடைதட்டும் கால்மிதியும் மேளமாகின. அந்தத் தாளம் தேவாலயத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. இருநூறு வருடத்துக்கு மேல் கழித்து அது வெளிப்படையாக நடுவில் வந்து உட்கார்ந்த இசைதான் ஃபங்க். மெட்டை ஓரத்தில் நிறுத்திவிட்டு, தாளத்தின் முதல் அடியில் எல்லாக் கருவியும் ஒன்றாக விழும். 1968இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே வருடத்தில், நான் கருப்பன், அதில் எனக்குப் பெருமை என்று ஜேம்ஸ் பிரவுன் பாடியது இந்தத் தாளத்தில்தான். அவரிடம் மேளம் வாசித்த க்ளைட் ஸ்டபில்ஃபீல்ட் 1969இல் ஒரு ஒலிப்பதிவில் சில நொடிகள் தனியாக வாசித்தார். அந்தச் சில நொடிகளை வெட்டி எடுத்து, பிற்காலத்து ராப் பாட்டுகள் நூற்றுக்கணக்கில் அதன் மேல் கட்டப்பட்டன. 2017இல் இறக்கும் வரை அதற்குரிய உரிமைத்தொகை அவருக்கு வரவில்லை.

இப்போது நம் ஊருக்குத் திரும்புகிறேன். அங்கே மேளம் பறிக்கப்பட்டது. இங்கே மேளம் திணிக்கப்பட்டது.

தென்காசி, செங்கோட்டை, சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இது படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அல்ல. மேலத்தெருவில் சாவு விழுந்தால் முதலில் நம் தெருவுக்கு ஆள் வரும். காய்ச்சலா, வீட்டில் விசேஷமா என்ற கேள்வியெல்லாம் கிடையாது. போக வேண்டும். செத்த மாட்டை எடுக்க வேண்டும், அதன் தோலில் கொட்டுச் செய்ய வேண்டும், அந்தக் கொட்டை அவர்கள் வீட்டுச் சாவுக்கு அடிக்க வேண்டும். வருடம் முழுக்கச் செய்த வேலைக்கு அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் நெல் அளப்பார்கள். அந்த நெல்லுக்கு நம் பக்கத்தில் என்ன பெயர் தெரியுமா? ‘சுதந்திரம்’. ஊர்ப் பணியாளர்களுக்குக் களத்தில் அளக்கிற பங்குக்கு வெள்ளைக்காரன் காலத்து வருவாய்க் கணக்குகளிலும் அதுதான் பெயர். ஸ்டோனோ ஆற்றங்கரையில் மேளம் அடித்தவர்கள் கூவிய அதே சொல். இங்கே அது மரக்காலில் அளந்து, மடியில் கொட்டப்பட்டது.

ஆகவே நம் விடுதலையின் முதல் சத்தம், கொட்டு நின்றுபோன சத்தம். அடிக்க மாட்டோம் என்று சொன்னவர்கள் ஊர் ஊராக அடி வாங்கினார்கள், தண்ணீர் நிறுத்தப்பட்டார்கள், கூலி வேலை மறுக்கப்பட்டார்கள். தன்மானத்துக்காக எதையும் விட்டுவிடத் தயாராக இருந்த மண் இது. இதே மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரி 19 அன்று நூற்றுக்கணக்கானோர் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே திரும்பிப் பார்த்தது. மதத்தையே விட்டு வெளியேறத் துணிந்த காலத்தில், கொட்டைக் கீழே போடுவது இயல்பான காரியம். அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி 1990களில் அந்த மறுப்பு அலையாக எழுந்தது. என் பெரியப்பா தன் கொட்டை அந்தக் காலத்தில்தான் பரணில் போட்டார். ஊர் அறிவிப்புக்குத் தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில். அதுவரை அது அரசாங்கத்துக்கே பழக்கமாக இருந்திருக்கிறது.

அதே காலத்தில் இன்னொரு குரலும் எழுந்தது. கருவியின் மேல் குற்றம் இல்லை, கட்டாயத்தின் மேல்தான் குற்றம் என்றது அது. மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு ‘பரட்டை’ என்ற பெயரில் நாட்டார் மெட்டையும் தாளத்தையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கே.ஏ. குணசேகரன் கிராமத்துப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்து மேடையேற்றினார். இன்குலாபின் ‘மனுசங்கடா’ அவர் குரலில் ஒலிநாடா வழியாக நம் தெருக்களுக்கு வந்தது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. அது சாவுக்கு அடிக்கிற அடி அல்ல. அந்தப் பெண்களைக் கூப்பிடவும் விரட்டவும் எந்த மேலத்தெருவாலும் முடியாது.

இரண்டு தரப்பும் அந்நாளில் கடுமையாகச் சண்டை போட்டது. நானும் போட்டிருக்கிறேன். இன்றைக்குத் தள்ளி நின்று பார்க்கும்போது, இரண்டும் ஒரே உரிமையின் இரண்டு பக்கங்கள் என்று படுகிறது. கீழே போட முடியாத கொட்டு நம்முடையது அல்ல. கீழே போடும் உரிமை வந்த பிறகு கையில் எடுத்தால்தான் அது நம்முடைய கொட்டு. மறுத்தவர்கள் மறுத்திருக்காவிட்டால், மீட்டவர்களுக்கு மீட்க ஒன்றும் இருந்திருக்காது.

அந்த இரண்டு வழிகளும் வந்து சேர்ந்த இடமாக 2018 ஜனவரி 6ஐச் சொல்லலாம். சென்னை கீழ்ப்பாக்கத்தில் அன்று தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற சிந்தனையிலிருந்து வந்தது. கானாவும் ராப்பும், பறையும் சட்டியும் கட்டமோளமும், கித்தாரும் டிரம்ஸும் ஒரே மேடையில் நின்றன. இடஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் பாட்டு. அந்த மேடையில் 19 பேர் இருந்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த எண்ணிக்கை. முன்னால் ஒரு நட்சத்திரம், பின்னால் முகமில்லாத கூட்டம் என்ற வரிசை அங்கே குலைந்தது. பறையடிப்பவருக்கும் பாடுபவருக்கும் ஒரே சீருடை, ஒரே வரிசை. கானா பாடும் இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம் பெற்றார்.

ஆனால் பெயர் அவ்வளவு எளிதில் நிலைப்பதில்லை. அந்தக் குழுவிலிருந்து வந்த அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வெளிவந்து உலகமெங்கும் போனது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அவர் அதற்குள் வைத்திருந்தார். அதே வருடம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு, அந்தப் பாட்டையும் பேசிய ஒரு அட்டையை வெளியிட்டபோது, அட்டையில் அறிவு இல்லை. இரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகுதான் விவாதமே எழுந்தது. டெட்ராய்ட்டில் 1971இல் அட்டையில் ஏறிய பெயர்களும், 2021இல் இங்கே அட்டையில் ஏறாத முகமும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள் என்றுதான் முதலில் எண்ணினேன்.

அப்படி எண்ணிக்கொண்டுதான் போன தையில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டிருந்தது, பறைக்காக. அந்த உற்சாகத்தில், தென்காசிப் பக்கத்துக் கொட்டுக்காரர்களின் பெயர்களைத் திரட்டிச் சிறு புத்தகமாகப் போடலாம், முதல் பெயர் உங்களுடையது என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பெரியம்மாதான் அடுப்படியிலிருந்து வந்து சொன்னாள்: “ஏட்டி, பேரப் போட்டுராத. பேரனுக்குப் பொண்ணு பாக்கோம். அவன் வேல பாக்கிற எடத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது.”

பேருந்தில் என் அக்கா மகள் கேட்ட கேள்விக்கான பதில் அங்கே பாதி கிடைத்தது. ஜேமர்சனின் பெயரை மறைத்தது நிறுவனம். அவர் குடும்பம் மறைக்கவில்லை. பெயர் அச்சானதும் பிள்ளைகள் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ள முடிந்தது. இங்கே பெயரைச் சொன்னால் கூடவே தெரு வந்துவிடுகிறது, தெருவோடு சாதி வந்துவிடுகிறது. மேடையில் பெயரைச் சொல்லாமல் விடுவது அவமதிப்பு. அச்சில் பெயரைப் போட்டால் அது ஆபத்து. இரண்டையும் ஒரே மனிதர் ஒரே நேரத்தில் சுமக்கிறார். பறைக்கு விருது கொடுக்கிற நாட்டில், பறையடித்தவரின் பேரன் அதை மறைத்துத்தான் வீடு வாடகைக்கு எடுக்கிறான், பெண் பார்க்கிறான். பேரன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெயரோடு சேர்த்து அவனுக்கு இந்தச் சமூகம் எதைக் கொடுக்கப்போகிறது என்று அவனுக்குத் தெரியும்.

நான் சமூகவியல் படித்தவள். எங்கள் படிப்பில் ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றி எழுதுவது முறை, அது அவர்களைக் காப்பாற்றும் என்பார்கள். அந்த முறையில் எழுதி எழுதி, நம் கலைஞர்கள் ‘தகவலாளி 1’, ‘தகவலாளி 2’ என்று ஆய்வேடுகளில் கிடக்கிறார்கள். இன்றைக்கு இந்த உரையிலும் என் பெரியப்பாவின் பெயரை நான் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பெயரைப் பற்றியே பேசிக்கொண்டு பெயரைச் சொல்லாமல் விடுவதில் எனக்குக் கூச்சம் இருக்கிறது. ஆனால் அது என்னுடைய பெயர் அல்ல. சொல்லும் உரிமையும் மறுக்கும் உரிமையும் அவருடையது. கொட்டுக்கு எது பொருந்துமோ அதுதான் பெயருக்கும்.

ஆகவே இந்த மன்றத்தின் முன்னால் மூன்று வேலைகளை வைக்கிறேன். ஒன்று, நாம் நடத்தும் எந்த மேடையிலும், அழைப்பிதழிலும், ஒலிப்பதிவிலும் கொட்டு அடிப்பவரிடம் முதலில் கேட்போம், பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று. சொல்லச் சொன்னால், தலைமை தாங்குபவரின் பெயர் எந்த எழுத்தளவில் இருக்கிறதோ அதே அளவில் போடுவோம். இரண்டு, கூலியை மேடை ஏறும் முன்னால் பேசி எழுதிக்கொள்வோம். பதிவு செய்தால் அந்தப் பதிவை யார் பயன்படுத்தலாம் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். செல்போனில் பிடித்த பத்து நொடி அடி நாளைக்கு எந்தப் பாட்டில் போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டபில்ஃபீல்டின் கதை நமக்குப் போதும்.

மூன்று, ஒரு குறிப்பேடு. யாரிடம் கற்றார், எந்தெந்த அடி தெரியும், யாருக்குக் கற்றுக்கொடுத்தார், எப்போது அடிக்க மறுத்தார். மறுத்தவர்களின் பெயரும் அதில் வர வேண்டும். அவர்களும் இந்த இசையின் வரலாறுதான். பெயரை இப்போது வெளியிட வேண்டாம் என்பவர்களின் பக்கத்தை மடித்து வைப்போம். அவர்கள் சொல்லும் நாள் வரும்போது பிரிப்போம்.

போன மாதம் என் அக்கா மகள் பெரியப்பாவிடம் சப்பரத்து அடி கற்றுக்கொள்ளப் போயிருந்தாள். திரும்பி வந்தவளிடம், புத்தகத்தைப் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்லல சித்தி. ஆனா அந்த நோட்டு எப்ப வருதுன்னு ரெண்டு தடவ கேட்டாரு” என்றாள்.

குறிப்பேடு வாங்கியாகிவிட்டது. முதல் பக்கத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

ஜெய்பீம்.